ஆடுற அடுப்பு

அடுப்பு வாங்கக் கடைக்குப் போனா உங்ககிட்ட என்ன கேப்பாங்க? ரெண்டு பர்னரா மூணா, மேல கண்ணாடியா ஸ்டீலா, ஆட்டோ இக்னிஷன் வேணுமா. அவ்வளவுதான். தரை ஆடுமா, காத்து எந்தப் பக்கம் அடிக்கும், கேஸ் கசிஞ்சா அது எங்க போய் நிக்கும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. படகில் சமைக்கிறவங்களுக்கு அந்த மூணு கேள்விதான் முக்கியம்.

பொன்மலைக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. நம்ம ஒர்க்‌ஷாப்பே நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே வந்ததுதான். என்னோட சம்பந்தம் அவ்வளவு பழசு இல்லை. என் வகுப்பு நண்பன் ஒருத்தன் நாகை அக்கரைப்பேட்டைக்காரன். அவங்க அப்பாவிடம் சின்ன விசைப்படகு ஒன்று இருக்கிறது. ஏழு பேர் போவார்கள், மூணு நாலு நாள் கழித்துத் திரும்புவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெயின்ட், இஞ்சின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். இந்தத் தடவை அந்த லிஸ்டில் அடுப்பும் சேர்ந்தது. "ரெண்டு பேரும் மெக்கானிக்கல்தானே படிக்கிறீங்க, நல்ல அடுப்பா ஒண்ணு சொல்லுங்கடா" என்று அவங்க அப்பா எங்களிடம் விட்டுவிட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன சீசனில் ஒரு ராத்திரி, நங்கூரம் போட்டு நின்றபோது தெறித்த அலைத் தண்ணீர் அடுப்பை அணைத்துவிட்டது. தீ போச்சு, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போன டிரைவர் அண்ணன், குனிந்தபோது வாசனை அடித்ததால் சாவியிலிருந்து கையை எடுத்தார். நின்றுகொண்டிருந்த யாருக்கும் அந்த வாசனை தெரியவில்லையாம்.

ஏன் தெரியவில்லை என்பதை ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தோம். நீங்களும் போட்டுப் பாருங்க. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாக வெளியே போக வாய்ப்பு உண்டு. படகோ ஒரு பெரிய கிண்ணம். உள்ளே விழுந்தது உள்ளேயே அடியில் தேங்கும். பெரிய பர்னர் ஒன்று மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸ் விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். இரண்டு மீட்டர் நீள, அகல, உயர கேபின் முழுக்கச் சமமாகக் கலக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அது சமமாகவா கலக்கிறது? அடியில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் அந்த அளவு சேர 20 நிமிஷம் போதும். மூக்கு இருக்கும் உயரத்தில் ஒண்ணும் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கும் உயரத்தில் எல்லாம் இருக்கு.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ஸ்டேஷனில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விதியை மீறி உள்ளே கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. எங்க வீட்டில் ரெண்டு மூணு நாள் அதே பேச்சுதான். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெட்டியும் படகும் ஒரே ரகம் என்பார் அவர்: குறுகல், வாசல் கம்மி, ஓட இடமில்லை. பெட்டியிலிருந்து குதிக்கத் தரையாவது இருக்கிறது.

அப்போ கேஸே வேண்டாம்னு விட்டுடலாமா? நாங்களும் யோசித்தோம். பம்பு ஸ்டவ்வை நண்பனின் ஆயா ஒரே வார்த்தையில் நிராகரித்தார்: "அதுல வெந்தவங்களப் பார்த்திருக்கேன்." திரி ஸ்டவ் சாய்ந்தால் மண்ணெண்ணெய் ஒழுகும், அதோடு இப்போ மண்ணெண்ணெய்க்கு எங்க போறது? வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் ஸ்பிரிட் அடுப்பு வைக்கிறார்கள். அழுத்தம் இல்லை, தண்ணீர் ஊற்றினால் அணையும், அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ஏழு பேருக்குச் சோறு பொங்கச் சூடும் பத்தாது. இண்டக்‌ஷன் என்றதும் எனக்கு ஆசைதான். 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 160 ஆம்பியருக்கு மேல். சோறு வெந்துரும், அப்புறம் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. விறகு? ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்க கேஸ் என்றால் 50 கிராம் சொச்சம், திறந்த அடுப்பில் விறகு என்றால் முக்கால் கிலோவாவது வேண்டும். பொறி பறக்கிற இடத்தில் வலையும் டீசலும் கிடக்கும்.

ஆகவே கேஸ்தான். அடுப்பை விட, அதைச் சுற்றி என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் என்று புரிந்தது. முதலில், தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அமைப்பு உள்ள அடுப்பு. பர்னர் பக்கத்தில் ஒரு தெர்மோகப்பிள், அது குளிர்ந்தால் வால்வு மூடிவிடும். மூணாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்த சீபெக் விளைவு இதுதான். நிறைய கடைகளில் கேட்டால் "அப்படி ஒண்ணு இருக்கா தம்பி?" என்பார்கள். விடாதீங்க. கண்ணாடி மேல்தட்டு கூடாது, ஸ்டீல் போதும்.

சிலிண்டர் கேபினுக்குள்ளேயே இருக்கக் கூடாது. மேல்தளத்தில் ஒரு பெட்டி, அதன் அடியில் கடல் பக்கமாக ஒரு ஓட்டை. கசிந்தால் கேஸ் தண்ணீர் மாதிரி அதன் வழியே வெளியே இறங்கிப் போய்விடும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கணும், கயிற்றால் கட்டணும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்கு வரும், தீ ஆளுயரத்துக்கு எழும்பும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு எடுத்துப் போவது விதிப்படியும் தப்பு. 5 கிலோ சின்னது ரெண்டு வாங்கினார்கள். கட்டவும் சுலபம்.

இனி ஆட்டம். அடுப்பைக் கீலில் தொங்கவிட்டால் படகு உருளும்போது அது மட்டத்தில் நிற்கும் என்பது பழைய யோசனைதான். அப்பா கேட்ட கேள்விதான் எங்களுக்குத் தோன்றாதது: "பத்து லிட்டர் பானையை மேல வச்சா கனம் எங்க இருக்கும்?" கீல் அடுப்பு மட்டத்தில் இருந்தால், பானை வைத்ததும் ஈர்ப்பு மையம் கீலுக்கு மேலே போய்விடும். அடுப்பு நிமிராது, கவிழும். அதனால் தொட்டில் மாதிரி செய்தார். கீல் பானையின் விளிம்பு உயரத்தில், அடியில் இரும்புத் தகடு. (பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது, சந்தேகப்படாதீங்க.) கீலுக்கும் கனத்துக்கும் கால் மீட்டர் தூரம் என்றால் ஊசல் கணக்குப்படி ஆட்ட நேரம் சுமார் ஒரு நொடி. படகு ஒருமுறை உருள அதைவிட நிறைய நேரம் எடுக்கும். ரெண்டும் ஒன்றுக்கொன்று ஊஞ்சல் தள்ளிவிடாது.

தொட்டில் ஆடும்போது இழுபடும் என்பதால் உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ரப்பர் ஹோஸ், கொஞ்சம் தளர்வாக. உப்புக்காற்று ரெகுலேட்டரைத் தின்றுவிடும், வாரம் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொன்னோம். பானை பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டரை மூடி, ஹோஸில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்த பிறகு அடுப்பை மூடணும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈரச் சாக்கைப் போட்டு மூடணும். இதைச் சமைக்கிற தம்பிக்குச் சொன்னோம். அவனுக்குப் பதினெட்டு வயசு. ராத்திரி கேபின் கதவைச் சாத்திக்கொண்டு குளிர்காய அடுப்பைப் பற்றவைக்காதே என்று மட்டும் அவனிடம் மூணு தடவை சொன்னேன். காற்றோட்டம் இல்லாமல் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, டிரைவர் அண்ணன் குனிந்தாலும் தெரியாது.

ஜூன் 15 போன படகு நாலாம் நாள் திரும்பியது. நண்பனின் அப்பா போன் பண்ணி, சோறு கொட்டலை, ஆனா ராத்திரி பூரா கீல் கிறீச் கிறீச்சுனு கத்துது, தூங்க முடியலை, கிரீஸ் போடவா என்று கேட்டார். நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். "கிரீஸ் சூட்டுல உருகி அடுப்புல சொட்டும்ங்க, வேண்டாம். பித்தளை புஷ் கடைஞ்சு பையன்கிட்ட கொடுத்து அனுப்புறேன்" என்றார்.