நான் பறிக்காத வெண்டைக்காய்



கத்தரி வெயில் தொடங்கிவிட்டது. நம் திருச்சியில் பகல் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்றுதான் திறக்கப்படும். அதுவரை காவிரிப் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் பரந்த மணலும் அதன் நடுவே மெலிந்த ஒரு நீரோட்டமுமே கண்ணில் படும். தோட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதுவா காலம் என்று நீங்கள் கேட்கலாம்.

காலை ஐந்தரை மணிக்கு ஆயர் இல்லத்தின் கொல்லைப்புறத்துக்கு வாருங்கள். மார்ச் மாதம் விதைத்த வெண்டை இடுப்பளவு உயர்ந்து நிற்கிறது. வெளிர்மஞ்சள் இதழும் கருஞ்சிவப்பு நடுவும் கொண்ட அதன் பூ ஒரு பகல் மட்டுமே வாழும். பந்தலில் பாகற்கொடி, வேலியோரம் கொத்தவரை, அரிசி களைந்த தண்ணீரைக் குடித்து வளரும் தண்டங்கீரை. செடிகளின் அடியில் உலர்ந்த வேப்பஞ்சருகைப் பரப்பியிருப்பதால் முந்தின மாலை ஊற்றிய ஈரம் விடியும்வரை நிற்கிறது. கிணற்றடியில் மல்லிகை. மற்றச் செடிகள் வாடும் இந்த வெயிலில்தான் அது குலுங்கப் பூக்கிறது. வெயில் ஏறுமுன் மொட்டுகளைப் பறித்து ஈரத் துணியில் வைத்தால், மாலை ஜெபவேளையில் அவை மலர்ந்து வீட்டை நிறைக்கும். ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மல்லிகையை நான் நடவில்லை. 2019-இல் இந்த இல்லத்துக்குக் குடிவந்தபோது அது காய்ந்த விறகுபோல் முறுக்கி நின்றது. பிடுங்கிவிடச் சொன்னேன். அன்று வேலைக்கு வந்திருந்தவர், ஸ்ரீரங்கத்துப் பக்கம் பூந்தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்த பெரியவர். “பிடுங்க வேண்டாம் ஐயா. கார்த்திகையிலே முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுங்க. வெயில் வரட்டும், அப்புறம் பாருங்க” என்றார். மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதை அவர் மூலமே அறிந்தேன். அடுத்த பங்குனியில் அந்தக் கட்டை பூத்தது. எனக்கு முன்பு இங்கிருந்த ஆயரின் துணைவியார் ஸ்ரீரங்கத்திலிருந்து பதியன் வாங்கிவந்து அதை நட்டாராம். அது பூப்பதற்குள் அவர்களுக்கு மாற்றல் வந்துவிட்டது. இச்செய்தி எனக்குத் தெரியவந்தது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை அந்த வாசனையை என்னுடையதாகவே முகர்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது மாற்றல் ஆணை எனக்கு வந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் நாங்கள் புறப்படுகிறோம்.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆணையைப் படித்த அன்று மாலை நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. யாரோ வந்து பறிக்கப்போகும் பாகற்காய்க்கு நான் ஏன் நீர் இறைக்க வேண்டும் என்று என் உள்ளம் கேட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கிக்கும் ஒருவனுடைய உள்ளம் இது. மூன்றாம் நாள் காலையில் என் மனைவி காலியாய்க் கிடந்த பாத்தியில் வெண்டை விதை ஊன்றிக்கொண்டிருந்தார். “இது காய்க்க நாற்பத்தைந்து நாளாகுமே, நாம் இருக்கமாட்டோமே” என்றேன். அவர் நிமிராமலே, “வருகிறவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா?” என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து, அரங்கனுக்கு மாலை கட்டுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் தொண்டரடிப்பொடியாழ்வார். பூசைக்குரிய மலரை முகர்ந்து பார்ப்பதும் அங்கே வழக்கமன்று. நம்முடைய விசுவாசம் வேறு. ஆயினும், தன் கைகள் வளர்த்த மலர் தனக்கல்ல என்று அறிந்தே ஒருவர் நாள்தோறும் நீர் வார்த்தார் என்பதை எண்ணும்போது, இரண்டு மாலை வாளியைத் தொடாதிருந்த நான் வெட்கப்படுகிறேன்.

நம் வேதத்திலும் ஒரு தோட்டக் கட்டளை உண்டு. ஏறக்குறைய கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களைக் குறித்து, இரண்டே ஆண்டில் எல்லாம் மாறிவிடும் என்ற செய்தியை அனனியா பரப்பினான். இரண்டு ஆண்டில் கிளம்புகிறவன் மரம் நடுவானா? எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்று எழுதினார். அதே கடிதத்தில் வீடு கட்டவும் தோட்டம் போடவும் சொன்னார். எழுபது ஆண்டு என்றால், நட்டவர்களில் அநேகர் திரும்பிப் போகமாட்டார்கள். திரும்பிப் போகிற பேரப்பிள்ளைகளோ மரங்களை விட்டுவிட்டுத்தான் போவார்கள். இரண்டும் தெரிந்தே தேவன் நடச் சொன்னார். தங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபிக்கவும் சொன்னார். இந்த வாரம் எரேமியா 29-ஆம் அதிகாரத்தை உங்கள் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களே, ஓய்வுபெறும் ஆண்டில் இருக்கிறவர்களே, பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனித்திருக்கிறவர்களே, இனி யாருக்காக என்று நீங்களும் வாளியைக் கீழே வைத்திருக்கலாம். உங்கள் முற்றத்தில் இன்று மணக்கிற பூவை யார் நட்டார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அவர் உயிரோடிருந்தால் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். நான் கடந்த வாரம் அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், “இன்னும் பூக்கிறதா ஐயா?” என்று கேட்டார்.

பூக்கிறது. என் மனைவி ஊன்றிய வெண்டையும் இன்று காலை இரண்டு இலை விட்டிருந்தது.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் நடாததின் கனியை எங்களுக்குத் தந்தீர். நாங்கள் பறிக்கப்போகாததற்கும் நீர் வார்க்க எங்களுக்கு மனந்தாரும். ஆமென்.