பின் மூடியின் உட்பக்கம்

திருமலை உண்டியலில் காசும் நகையும் மட்டும் விழுவதில்லை, கைக்கடிகாரங்களும் விழுகின்றன. எங்கள் பக்கத்தில் 'நிலுவு தோப்பிடி' என்று ஒரு வேண்டுதல் உண்டு. உடம்பில் கிடக்கும் நகை அத்தனையையும் நின்ற இடத்திலேயே கழற்றிப் பெருமாளுக்குக் கொடுத்துவிடுவது. வளையல், மோதிரம், மூக்குத்தியோடு வாட்சையும் கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுதல் இல்லாமல் போடுகிறவர்களும் உண்டு. இப்படிச் சேர்ந்தவற்றைத் தேவஸ்தானம் அவ்வப்போது மின்னணு ஏலத்தில் விடுகிறது. புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு சேதமானவை என்று பிரித்து, கம்பெனிப் பெயர்களையும் அறிவிப்பில் சொல்வார்கள்: டைட்டன், கேசியோ, டைமெக்ஸ், ஆல்வின், சொனாட்டா, டைம்வெல், ஃபாஸ்ட்ராக்.

அந்த வரிசையில் ஆல்வினைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் அங்கேயே நின்றுவிடும். ஐதராபாத்தில் 1942இல் தொடங்கிய நிறுவனம் அது. ஃபிரிட்ஜ் செய்தது, பஸ்ஸுக்குக் கூடு கட்டியது, ஜப்பானின் சீக்கோவிடம் தொழில்நுட்பம் வாங்கிக் கைக்கடிகாரமும் செய்தது. இன்று அந்தக் கம்பெனி இல்லை. ஆனாலும் ஏல அறிவிப்பில் அதன் பெயர் வந்துகொண்டிருக்கிறது. யாரோ ஒரு குடும்பத்தில் பல வருடம் கிடந்த வாட்ச் அலிபிரி தாண்டி மலையேறியிருக்கிறது. யார் கட்டியது, ஏன் கழற்றினார்கள், எதற்காக வேண்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் உண்டியலோடு முடிந்துபோகிறது. லாட் லாட்டாக விற்கும் ஏலத்தில் நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். யாருடையது என்று தெரிந்து வரும் கடிகாரம்தான் எனக்கு வேண்டும். இந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு.

என் கைக்கு முதலில் வந்தது எச்.எம்.டி. ஜனதா. சித்தூர் கொங்காரெட்டிப்பள்ளியில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பவுடர் டப்பா கிடைத்தது. உள்ளே சட்டைப் பொத்தான்கள், தேய்ந்துபோன பூட்டுச் சாவி, துணியில் சுற்றிய ஒரு வாட்ச். தோல் ஸ்ட்ராப் தொட்டதும் உதிர்ந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "எங்க ஊட்டுக்காரரோடது. மில்லுல மூணு ஷிப்டுக்கும் இதான். அவரு போனப்புறம் இதுக்குச் சாவி கொடுக்க யாரு இருக்காங்க? நீ ஓட வெச்சுக் கட்டிக்கோ நாயனா" என்றார். கடிகாரத்தோடு அதைக் கட்டியிருந்த மனிதரும் ஒரு வாக்கியத்தில் என்னிடம் வந்துவிட்டார். அவர் எந்தக் கையில் கட்டுவார், தூங்கும்போது கழற்றுவாரா என்றெல்லாம் அன்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் சலிக்காமல் சொன்னார்.

பஜாரில் ஒரு பாய் கடை இருந்தது. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதன் பின்னால் ஒரு ஸ்டூலும். வாட்சைக் கையில் வாங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இப்போ சாவி கொடுத்துடாதீங்க தம்பி." பல வருடம் சும்மா கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அதில் தூசியும் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சு முனைகள் தேய்ந்துபோகும். முனை தேய்ந்த சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். காதில் வைத்து 'டிக்' கேட்கிற ஆசையை அடக்கத் தெரிந்தவனுக்குத்தான் பழைய வாட்ச் சரிப்படும் என்பார் பாய்.

மெல்லிய கத்தி முனையால் பின் மூடியை எடுத்தார். ஐ-கிளாஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு இயந்திரத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். மூடியைத்தான் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். உட்பக்கத்து எஃகில் ஊசியால் கீறிய குறிகள்: ஒரு தேதி, இரண்டு எழுத்து, அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இன்னொன்று, அதற்கும் கீழே ஒரு கோடும் வட்டமும். "மூணாவது என்னோடது" என்றார். சர்வீஸ் செய்த ஒவ்வொருவரும் அடுத்து வருகிறவருக்காக வைத்துவிட்டுப் போகிற குறி இது. எல்லா ஊர் ரிப்பேர்காரர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. கட்டுகிறவருக்குத் தெரியாது, விற்கிற கடைக்காரருக்குத் தெரியாது. மூடியைத் திறக்கிறவர் மட்டும் படிக்கும் எழுத்து. நான் சேகரிப்பவன் ஆனது அந்த நிமிடத்தில்தான்.

ஜனதாவை மலிவுக் கடிகாரம் என்று தள்ளுகிறவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பதினேழு ரூபிக் கல். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. காலையில் ஒருமுறை சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை தாராளமாக ஓடி, அதற்குமேலும் கொஞ்சம் ஓடும். மெயின் ஸ்பிரிங்கில் சுருண்டிருக்கும் சக்தி சக்கரம் சக்கரமாக இறங்கி வந்து, முடிவில் பேலன்ஸ் வீலை ஆட்டிவிடுகிறது. அதைத் திரும்ப இழுப்பது தலைமுடிபோல் மெலிந்த ஹேர் ஸ்பிரிங். வீல் முன்னும் பின்னும் போய் வரும் நேரம் மாறாமல் இருக்க வேண்டும், கைக்கடிகாரத்தின் வித்தை முழுவதும் அதில்தான். பேலன்ஸின் அச்சு முனை மிகவும் மெல்லியது என்பதால், கீழே விழுந்தால் முறியாமலிருக்க அதைத் தாங்கும் கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் பிடித்திருக்கும். டயலின் அடியில் 'பாரா ஷாக்' என்று அச்சிட்டிருப்பது அதைத்தான். இது சிட்டிசன் கம்பெனியின் ஏற்பாடு. 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலை சிட்டிசனோடு சேர்ந்துதான் தொடங்கியது. முதல் தொகுதிக் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். பிறகு துமகூரு, ரானிபாக், ஸ்ரீநகர் என்று தொழிற்சாலைகள் பரவின. கறுப்பு டயலோடு பைலட், மெலிந்த சோனா, தானாகவே சாவி ஏறும் காஞ்சன், பார்வையற்றவர்கள் முள்ளைத் தடவி மணி பார்க்கும் பிரெய்ல் வாட்ச் என்று எத்தனையோ வந்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளை கேட்கிற சாமான்களில் எச்.எம்.டி. தவறாமல் இருந்த காலம் அது.

பிறகு குவார்ட்ஸ் வந்தது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தோடு, நொடிக்கு ஐந்து துடிப்பு போட்டியிட முடியாது. 1969 டிசம்பரில் சீக்கோ தொடங்கிவைத்ததை, டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளுக்குக் கொண்டுவந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. மூடுகிறார்கள் என்ற செய்தி பரவியதும் அதுவரை சீந்தாத ஜனதாவுக்கு ஆட்கள் அலைந்தார்கள். அந்த அலைச்சல் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. தேவை கூடிய இடத்தில் போலியும் கூடிவிட்டது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பழைய கடிகாரம் தேடிப் போகிறவர்களுக்கு இன்று கிடைப்பதில் நிறைய, டயலைச் சுரண்டிப் புதிதாக வண்ணம் அடித்தவை. மும்பையிலிருந்து வருபவற்றில் இது அதிகம். பழைய ஃபேவர் லூபா, சீக்கோ 5, எச்.எம்.டி. பைலட் எல்லாவற்றுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, வானநீலம் என்று கம்பெனி ஒருநாளும் செய்யாத வண்ணத்தில் பளபளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்து தடித்து, ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் முள்ளோடு ஒட்டாது. உள்ளே இரண்டு மூன்று இயந்திரங்களின் பாகங்கள் கலந்திருக்கும். ஓடும், மணியும் காட்டும். ஆனால் அதைக் கட்டிய மனிதரின் ஒரு சுவடும் அதில் மிஞ்சியிருக்காது.

மில்லில் வேலை செய்தவரின் ஜனதாவில் டயல் ஓரம் பழுப்பேறியிருக்கிறது. ஆறு மணிக்குப் பக்கத்தில் ஈரம் பட்ட கறை. குரோம் பூசிய பித்தளைக் கூட்டில், மணிக்கட்டைத் தொடும் பக்கம் வியர்வை அரித்துச் சின்னச் சின்னக் குழிகள். எங்கள் வெயிலில் கட்டிய கடிகாரம் எல்லாவற்றிலும் இந்தக் குழிகளைப் பார்க்கலாம். பின் மூடி எஃகு என்பதால் தப்பித்திருக்கிறது. பாலிஷ் போட்டுத் தருகிறேன், டயலைப் புதுசாக்கித் தருகிறேன் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டது இரண்டே வேலைக்கு: வெள்ளைப் பெட்ரோலில் அலசி எண்ணெய் வைப்பது, கீறல் விழுந்த அக்ரிலிக் கண்ணாடியைத் தேய்த்துத் தெளியவைப்பது. மில்லின் வெக்கையும் அவர் வியர்வையும் இருக்கும் இடத்தை நான் ஏன் அழிக்க வேண்டும்?

இருட்டில் ஒளிரும் பழைய டயல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1960கள் வரை வந்த சில வெளிநாட்டுக் கடிகாரங்களில் எண்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். ஒளி நின்றுவிட்டதால் ரேடியமும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. தீர்ந்துபோனது ஒளிவிடும் பொடிதான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். அப்படிப்பட்ட டயலை நகத்தாலும் சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள்.

வங்கி வேலை என்னைத் திருப்பதிக்கு மாற்றிய வருடங்களில் சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாட்ச் ரிப்பேர் மேஜைகள் அப்போது நிறைய. மாலையில் ஒவ்வொன்றாக நின்று பேசுவேன். வெஸ்ட் எண்ட் சோவார் முதலில் அங்கேதான் பார்த்தேன். 1886இல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி, இந்தியப் படைவீரர்கள் கட்டிய வாட்ச். அதைக் கொண்டுவந்த பெரியவர் விற்க வரவில்லை, ஓடவைக்கத்தான் வந்திருந்தார். நான் விலை கேட்கவில்லை. பேரனிடம் கொடுத்துச் சாவி கொடுக்கக் கற்றுத்தாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சேகரிப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நல்ல கடிகாரம் இருக்க வேண்டிய இடம் என் பெட்டி அல்ல. அது அந்த வீட்டிலேயே ஓட வேண்டும். ஓடவைக்க ஆளில்லாமல் போனதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது பெரிய தட்டுப்பாடு பாகங்களில்தான். பேலன்ஸ் ஸ்டாஃப், மெயின் ஸ்பிரிங், கிரவுனோடு சேர்ந்த தண்டு, இந்த மூன்றுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே கூடு நொறுங்கிய, டயல் போன எச்.எம்.டி. இயந்திரங்களையும் நான் வாங்கி, எண் வாரியாகச் சின்ன டப்பிகளில் போட்டு வைக்கிறேன். பாய்க்குப் பின் அவர் மகன் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை, அவர் மருமகன் உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி மாற்றுவதே அவருக்குப் பெரும்பாலான வேலை. சாவி வாட்ச் ஏதாவது வந்து, பாகம் இல்லாமல் நின்றால் எனக்குப் போன் செய்வார். டப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சித்தூரிலோ திருப்பதியிலோ உங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய வாட்ச் கிடந்தால் சாவி கொடுக்காதீர்கள். கண்ணாடியைத் துணியால் துடையுங்கள், போதும். யார் கட்டியது, என்ன வேலை பார்த்தார் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, திறந்த மூடியின் உட்பக்கத்தை ஒருமுறை காட்டச் சொல்லிப் படியுங்கள். வேலை முடிந்ததும் ரிப்பேர்காரரைத் தன் குறியையும் தேதியையும் அங்கே கீறச் சொல்லுங்கள். இப்போது பலர் கீறுவதில்லை, நாம் கேட்டால்தான் கீறுகிறார்கள்.