வைத்தியர் வண்டியின் முட்டொலி

எம் நண்பரான ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர், டபிள்யூ 123 வகையைச் சார்ந்த பென்ஸ் மோட்டார் வண்டியொன்றை நெடுங்காலமாகப் போற்றி வருகின்றார். 1976ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வகையில் ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. சென்ற ஆண்டு அவ்வண்டி, புறப்படும்போதெல்லாம் அடிவயிற்றில் யாரோ கைமுட்டியாற் குத்துவதுபோலத் 'தொம், தொம்' என ஒலிக்கத் தொடங்கிற்று. கராஜொன்றிற் காட்டியபோது கியர்பெட்டி பழுதென்றனர். அதனை மாற்றக் கேட்ட தொகையோ, வண்டியையே விற்றுவிடலாமென எண்ணச் செய்வது. அதனினும் கொடிது, வீட்டார் பழியைச் சாரதிமேற் சுமத்தியமை. கிளச்சை முரட்டுத்தனமாக விட்டே வண்டியைக் கெடுத்தாரென்று, இருபதாண்டு உழைத்த அம்முதியவரை நிறுத்தவும் துணிந்தனர்.

யாம் தொழிலறிந்தவரல்லேம். ஆயினும், கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் ஊசலின் ஆட்டத்தை எண்ணிப் பழகிய பழக்கம் எம்மை விட்டகலவில்லை.

முதலில் வண்டியை நிறுத்தியவாறே எஞ்சினை விரைந்தோடச் செய்தோம், ஒலியில்லை. பின்னர் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்திற் சமதரையில் மெல்ல ஓட்டுவித்தோம். சில்லின் சுற்றளவும் ஏறத்தாழ 2 மீற்றரே. ஆதலின் அது செக்கனுக்கு ஒருமுறை சுழலும். குற்றம் ரயரிலோ சில்லிலோ இருப்பின், 10 செக்கனில் 10 குத்துகளே கேட்கவேண்டும். யாம் எண்ணியவையோ 35 அளவில். சில்லு ஒருமுறை சுழல, வண்டியின் அடியில் நீண்டுகிடக்கும் புறொப்பெல்லர் தண்டு ஏறத்தாழ மூன்றரை முறை சுழல்வது. ஒலி அத்தண்டின் கணக்கிலேயே வந்தது! இரண்டாங் கியரிலும் சில்லுக்கும் ஒலிக்குமுள்ள இவ்விகிதம் மாறாமையால், கியர்பெட்டியின் பற்களை ஐயுறுதல் வேண்டாவென்று துணிந்தோம்.

இவ்வகை வண்டியில் அத்தண்டு இரு துண்டாயுள்ளது. இரு நுனியிலும் ஆறு ஆணிகளாற் பிணித்த றப்பர் வட்டும், நடுவில் றப்பர் வளையத்துள் அமைந்த தாங்கியும் உண்டு. குழியில் இறங்கித் தண்டைக் கையாற் தூக்கிப் பார்த்தோம். நடுத்தாங்கியின் றப்பர் முற்றாகக் கிழிந்திருந்தது; முன்வட்டிலும் ஆணிகளுக்கிடையே வெடிப்புகள். புறப்படும்போது சுமையேற, பற்றற்ற தண்டு எழுந்தெழுந்து மேற்றகட்டை இடித்திருக்கிறது. முரட்டுக் கிளச்சும் றப்பரை வருத்துமென்பது மெய்யே. ஆனால் இங்கு யாம் கண்டது, வெப்பத்தாலும் எண்ணெய்க் கசிவாலும் ஆண்டுக்கணக்காய் உளுத்த றப்பர்.

சாரதியோ இரு மாதம் முன்னரே, "ஐயா, சத்தம் நடுவிலை கீழேயிருந்து வருகுது" என்று கூறியிருந்தாராம். கேட்பாரில்லை.

றப்பர்களும் தாங்கியும் புதிதாயின. கழற்றுமுன் இரு துண்டுகளிலும் குறியிட்டு, அந்நிலை மாறாமற் பூட்டுவித்தோம். மாறின் தண்டு நடுங்கும். இடையிணைப்பின் பெருநட்டை, வண்டியைத் தரையில் இறக்கி முன்னும் பின்னும் உருட்டிய பின்னரே இறுக்கச் செய்தோம். கியர்பெட்டி தீண்டப்படவில்லை.

மறுநாள் வைத்தியர் சாரதியின் அருகில் அமர்ந்து கீரிமலைவரை சென்று மீண்டார். வழியில் இருவரும் என்ன பேசினரென யாம் கேட்டிலேம்.