பொற்சிலையும் ஞாயிறு வேலையும்

விக்கிரகம் என்றதும் கல்லும் மரமுந்தான் எங்களுக்கு நினைவு வரும். தானியேல் 3ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் நிறுத்திய சிலையோ பொன். உயரம் 60 முழம். அதை வணங்க மறுத்த மூவரும் எங்களைப்போலவே ஊரிழந்தவர்கள். அனனியா, மீஷாவேல், அசரியா என்ற அவர்களது பெயர்களைக்கூட அரண்மனை அதிகாரி மாற்றிவிட்டான். (இங்கே எங்கள் பெயர்கள் படும் பாடு வாசகர்கள் அறிந்ததே!) பதவி கொடுத்தவனும் அதே அரசன்தான். தேவன் தப்புவிப்பார், தப்புவிக்காவிட்டாலும் வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த ‘விட்டாலும்’ எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது.

பொருளாசையும் விக்கிரக ஆராதனைதான் என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதினார். தொழிற்சாலையில் ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம். ஏஜென்சிக் கடன் இன்னும் முடியவில்லை. ஊரில் அம்மாவின் மருந்துச் செலவு வேறு. ஞாயிறு வேலையே பாவம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் சகோதரிகள் என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டில் கணக்குப் பார்த்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கடனுக்கு, மற்றவை ஆராதனைக்கு. அம்மாவின் பணம் குறையாது. கடன்தான் இன்னுமொரு வருடம் இழுபடும். மேற்பார்வையாளரிடம் சொல்லியாயிற்று, முகம் கறுத்தது. அடுத்த மாத வேலைப் பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டுவார்கள்.