நான் கட்டிய லயம்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றைக் கட்டினேன். கல்லும் சுண்ணாம்பும் தேவைப்படவில்லை, வாய் போதுமாக இருந்தது.

மலையகத்தில் லிந்துலைப் பக்கமிருந்து கம்பஸ் போனவர்கள் அப்போது கொஞ்சப் பேர்தான். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருந்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளை வேன் பிடித்துக் கூட்டி வந்தால், சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழும். விழும் என்ன, நானே முந்திக்கொண்டு போய் நிற்பேன். செனட் கட்டடம், நூலகம், சரச்சந்திர திறந்தவெளி அரங்கு என்று எல்லோரும் படம் பிடிக்கிற இடங்களை அரக்கப்பரக்க முடித்துவிட்டு, “இனிமேதான் யாருக்கும் தெரியாத எடம்” என்று குரலைத் தாழ்த்துவேன். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கிட்டே வருவார்கள். அந்தக் கணத்துக்கு நான் அடிமை.

காட்டியதெல்லாம் பொய்யில்லை. மேட்டுக்கு மூச்சிரைக்க ஏற்றிக்கொண்டு போய்க் குறிஞ்சிக்குமரன் கோயிலில் கும்பிட வைப்பேன். அருணாசலம் விடுதி முன்னால் நிறுத்தி, அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிச் சொல்வேன். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே சங்கம் வைத்துக் கேட்டவர் பொன்னம்பலம் அருணாசலம். வேலையை விட்டுப் போன தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை எதிர்த்து வாதாடியவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஆற்றங்கரை. “கைய நனைங்க, இது நம்ம தண்ணி” என்பேன். அக்கரப்பத்தனையில் இருந்து லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் ஆறு கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. வளாகத்தை ஒட்டி ஓடுவதும் மகாவலிதான். நாம் வந்து சேர்ந்த இடத்துக்குத் தண்ணீர் நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று ஒரு பஞ்ச் வேறு. கைதட்டு விழும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

இந்த வளாகமே ஒரு காலத்தில் தோட்டம். நியூ பேராதனை எஸ்டேட் என்று பெயர். அந்த மண்ணின் மேல்தான் அபர்குரோம்பியும் ஹொலிடேயும் திட்டம் வரைந்தார்கள், ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களுக்கு வடிவம் கொடுத்தார், முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1952 ஒக்டோபரில் பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் இருந்து இங்கே குடியேற்றினார். அதே 1952 இல், வாக்குரிமை பறிபோன நம் மலையகச் சனம் சத்தியாக்கிரகம் இருந்தது. இவ்வளவும் உண்மை, நூலகத்தில் படித்தறியக் கிடைப்பது. ஆனால் ஆண்டுகளைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். தொட்டுப் பார்க்க ஒன்று இருந்தால் கண் விரிகிறது.

ஹந்தானை மலைப் பக்கத்துச் சரிவில், ஒற்றையடிப் பாதையை ஒட்டி, ஒரு கருங்கல் வரிசை கிடந்தது. ஓராள் நீட்டிப் படுக்கிற நீளம். மேலே பாசி, இடுக்கில் யாரோ சோறு கட்டி வந்த லஞ்ச் ஷீட். ஒரு நாள் அந்த வழியாக வந்தபோது, யோசனையே இல்லாமல் வாயில் வந்தது: “இது நம்மாளுங்க இருந்த லயத்து இஸ்தோப்புக் கல்லு.”

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பையன் செருப்பைக் கழற்றினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது; சொன்னவனுக்கே சிலிர்த்தது என்றால் பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் லயம் வளர்ந்தது. தண்ணீர்ப் பீலி வந்தது, கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா வந்தது, காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களம் வந்தது.

ஒரு பிள்ளை மட்டும் குந்தி உட்கார்ந்து, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணே, அப்ப இங்க இருந்தவங்கள எங்க அனுப்புனாங்க?”

அந்தச் சரிவில் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான். எஸ்டேட் கையை விட்டுப் போனபோது அதில் வேலை செய்தவர்களுக்கு என்ன ஆனது? அதைத் தேடிப் பார்க்கும் எண்ணம்கூட எனக்கு வந்ததில்லை. ஆனாலும் பதில் தயங்காமல் வந்தது. “பாதிப் பேரு ஹந்தானைத் தோட்டத்துக்கு. மத்தவங்கள ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பலேத்திட்டாங்க.” தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகம் அங்கே வந்து அப்போதே பன்னிரண்டு வருசம். இல்லாத லயத்து ஆட்களை, நடக்க முடியாத ஒரு காலக்கணக்கில், உண்மையாகவே லட்சக்கணக்கானோர் அழுதுகொண்டு ஏறிய கப்பலில் ஏற்றிவிட்டேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். வந்திருந்த சேர் தலையாட்டினார்.

கல்லின் கதையை ஒரு பெரியவர்தான் அவிழ்த்தார். வளாகத்தில் புல் வெட்டி, கான் துப்புரவாக்கி உழைத்துக் களைத்தவர், நம்மவர். நான் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்ததைத் தள்ளி நின்று முழுக்கக் கேட்டார். பிள்ளைகள் முன்னால் போனதும் கிட்டே வந்து, “தம்பி, அது மழைக்கு மண்ணு சரிஞ்சப்ப நாங்க அடுக்குன கல்லு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் வேலையை யாரோ கவனித்ததில் சந்தோசம்கூட இருந்த மாதிரித் தெரிந்தது. “அப்படியா ஐயா” என்று சிரித்து மழுப்பினேன். உண்மையாகவே அந்தக் கல்லைத் தூக்கி அடுக்கிய ஒருவர் எதிரில் நிற்கிறார். அவரைப் பிள்ளைகளிடம் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் என் கதையைவிட ஆயிரம் மடங்கு பெறுமதி. செய்யவில்லை. செய்தால் நான் புளுகன் என்று ஆகிவிடுமே. அடுத்த வேன் வந்தபோது, அவர் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு அதே கதையைச் சொன்னேன். தெரியாமல் அளந்ததற்கு வயதைச் சாட்டலாம். இதற்குச் சாட்ட எதுவும் இல்லை.

பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகும் லயம் நின்றது. ஒரு முறை கம்பஸ் போனபோது ஜூனியர் ஒருவன், நான் யாரென்று தெரியாமல், எனக்கே அதைச் சுற்றிக்காட்டினான். என் கதைக்கு அவன் ஒரு பெரிய கங்காணியையும் சேர்த்திருந்தான். மீசை எல்லாம் வைத்து. வாயைத் திறந்து மறுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. “நல்லா வெளக்குறீங்க தம்பி” என்றேன்.

நம்மைப் பற்றி எழுதிவைத்தவர்கள் குறைவு, அதனால் நாமே கதை கட்டிக்கொண்டால் தப்பில்லை என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். கொழும்பில் ஒரு கூட்டத்தில் அதை அழகாகப் பேசியும் இருக்கிறேன். இப்போது பார்த்தால், எழுதிவைக்காதவர்களின் வரிசையில்தான் நானும் நிற்கிறேன். அந்தப் பெரியவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து நாலு வரி குறித்துக்கொள்ளவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

கல்லில் கை வைத்த பிள்ளை இன்று லிந்துலைப் பக்கத்தில் டீச்சர். போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். உயர்தர வகுப்பைக் கூட்டிக்கொண்டு பேராதனைக்குப் போகிறாளாம், மற்ற இடமெல்லாம் தெரியும், லயத்துக் கல்லுக்கு மட்டும் வழி மறந்துவிட்டதாம். “நீங்க சொன்னதெல்லாம் இன்னும் அந்தக் கொப்பியில இருக்குண்ணே” என்றாள். எந்த மேட்டில் ஏறி எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன்.