ஈயம் போகும் இடம்

துப்பாக்கி வைத்திருப்பவர் சுட்ட நேரத்தையெல்லாம் கூட்டினால் சில நிமிடம்கூடத் தேறாது. துடைத்த நேரத்தைக் கூட்டினால் நாள்கணக்கில் வரும். கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் மிச்சமிருக்கும் பழைய இரட்டைக்குழல்களைக் கேட்டால் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு நடை, தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்க ஒரு நடை, ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்க ஒரு நடை, வந்ததும் துடைப்பு. அவற்றின் பிழைப்பே அதுதான்.

பெரியப்பாவுடையது பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அதுதான் பன்னிரண்டு போர். குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் அடியில் மருந்து, நடுவில் தக்கை, மேலே 30 கிராம் சொச்சம் ஈய ரவை. இப்போதைய தோட்டாக்கள் பலவற்றில் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று ரவையை ஏந்திக்கொண்டு போகிறது. பழையவற்றில் வெறும் அட்டையும் ஃபெல்ட்டும்தான். ஓரத்து ரவைகள் இரும்பை உரசிக்கொண்டேதான் பாயும். நகத்தால் கீறினாலே கோடு விழும் உலோகம், உரசிய இடத்தில் தன்னைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகாமல் இருக்குமா? தோட்டா உட்காரும் அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடத்திலும், வாய்ப்பக்கம் ‘சோக்’ என்று இன்னொரு தரம் குறுகும் இடத்திலும் இந்தப் படிவு அதிகம்.

அதன் சூதே பளபளப்புதான். மருந்துக்கரி கறுப்பு, துணியோடு வந்துவிடும். துரு பழுப்பு, குழந்தைக்கும் தெரியும். ஈயமோ இரும்போடு சேர்ந்து தானும் மினுங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று உறையில் போட்டுவிடுவார்கள். பெரியப்பா குழலைச் சற்றே சாய்த்து, ஜன்னல் சட்டத்தின் நிழல் உள்சுவரில் நீளமாக விழும்படி பிடிப்பார். மெல்லத் திருப்பிக்கொண்டே வருவார். நேராக ஓடும் நிழற்கோடு ஓரிடத்தில் நெளியும். அங்கே உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் மங்கலான சாம்பல் கீற்றுகள். “பாத்தியாடா, ஒளிஞ்சிருக்கான்” என்பார்.

ஒளிந்திருந்தால் என்ன கெட்டுவிடும்? பழைய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்த பிறகு அது உப்பாகிக் குழலில் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அந்த உப்பை ஈயம் போர்த்திக்கொண்டால், மேலே எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும். மலை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது லைசென்ஸ் என் பேரில். நான் சுடுவதில்லை. பெரியப்பாவுக்குக் கண் மங்கிய கடைசிக் காலத்தில் தங்கிப்போன ஈயத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கியை மடக்கி, இரண்டு அறையும் காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே குழலைக் கழற்றுவது. டர்பன்டைனில் நனைத்த பழைய பனியன் துணியை ராடில் சுற்றி உள்ளே ஓட்டி, ஊறவிட வேண்டும். டர்பன்டைன் ஈயத்தைக் கரைக்காது; இடுக்கில் இறங்கிப் பிடியைத் தளர்த்தும். பிறகு பாஸ்பர் வெண்கலக் கம்பி பிரஷ். வெண்கலம் ஈயத்தைவிடக் கெட்டி, குழலின் எஃகைவிட மெது. அந்த இடைவெளியில்தான் இந்த வேலையே நடக்கிறது. அறைப் பக்கம் நுழைத்து வாய்வழியாக முழுசாக வெளியே தள்ள வேண்டும். பாதிவழியில் திருப்பி இழுத்தால் கம்பிகள் எதிர்ப்பக்கம் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். கீழே விரித்த செய்தித்தாளில், பென்சில் முனையைச் சீவியதுபோல் கருஞ்சாம்பல் தூள் விழும். நடுநடுவே மெல்லிய செதில். ஜன்னல் நிழல் நெளியாமல் ஓடும்வரை ஊறலும் தேய்ப்பும் மாறிமாறி நடக்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழிகளும் இருந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் குழலின் ஒரு முனையை அடைத்துப் பாதரசத்தை ஊற்றி உருட்டுவார்கள். பாதரசம் ஈயத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், இரும்பைத் தொடாது. ஆனால் அதன் ஆவி ஆளைத் தொடும். வினிகரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஊற்றுவது இன்னொரு வழி. தேய்க்காமலே ஈயம் கரைந்துவிடும். கரைந்து கிடைப்பது லெட் அசிடேட் என்ற விஷ உப்பு. திடமாகக் கிடந்த நஞ்சை உடம்பு சுலபமாக உறிஞ்சும் நீராக மாற்றிக் கையில் வழியவிடுவதற்குச் சுத்தம் என்று பேர்.

டர்பன்டைன் வழியில் மட்டும் என்ன வாழ்கிறது? குழலிலிருந்து போன ஈயம் துணியில் இருக்கிறது, தாளில் இருக்கிறது, விரல் ரேகையில் இருக்கிறது. பெரியப்பா அந்தத் துணியை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவார். துணி எரியும், ஈயம் எரிந்து தீராது. பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பலில்தான் பெரியம்மா பாத்திரம் துலக்கினார். துப்பாக்கிக்குள்ளிருந்து அத்தனை பாடுபட்டு வெளியேற்றிய சாமான், கொல்லைவழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்குத் திரும்பிவந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உறுத்துகிறது. குழலில் ஒட்டியது ஒரு சிட்டிகை. ஒவ்வொரு வெடிக்கும் வாய்வழியே போனது 30 கிராம். அந்தச் சிட்டிகைக்குத்தான் இத்தனை சாஸ்திரமும். 30 கிராமைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. குளத்தடியில் கிடக்கும் ரவையைக் கூழாங்கல் என்று வாத்து விழுங்கும். இரைப்பை அதை அரைக்க அரைக்க ஈயம் ரத்தத்தில் ஏறும். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை கூடாது என்று அமெரிக்கா 1991-இல் நாடு முழுக்க நடைமுறைப்படுத்தியது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையை அடியோடு தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் தடை கொண்டுவந்தது 2023-இல்தான். பதிலுக்கு வந்த இரும்பு ரவை, பழைய துப்பாக்கியின் மெல்லிய குழலையும் இறுக்கமான சோக்கையும் கெடுக்கும் என்பது துப்பாக்கிக்காரர்களின் வருத்தம். எஃகுக்குக் கீறல் விழாமல் பார்க்கும் நம் அக்கறையில், வாத்தின் இரைப்பைக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டதில், எங்கள் மலையில் அந்த 30 கிராம் பெருமளவு நின்றுபோனது. மீந்தது சிட்டிகை. அதற்குக் கையுறையும், திறந்த ஜன்னலும், சாப்பாட்டுக்கு முன் சோப்பும், மூடிபோட்ட ஒரு டப்பாவும் வேண்டும். துணியும் தாளும் டப்பாவுக்குள் போகும், அடுப்புக்குப் போகாது. டப்பா நிறைந்தால் பழைய ஈய பேட்டரிகளை எடுத்துக்கொள்ளும் இடம் எது என்று விசாரிப்பதும் துடைக்கும் வேலையில் சேர்ந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.