நாலு மூலை, நடுவுல ஒரு நாற்காலி

"ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேளுங்க, பாட்டு உங்க தலையைச் சுத்தும்"னு லாக்டவுன் நேரத்துல வாட்ஸப் முழுக்க '8டி ஆடியோ' வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல எட்டு டைமென்ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாதாரண ஸ்டீரியோ பாட்டை எடுத்து இடது வலதுன்னு மெதுவா சுத்த விட்டு, மேலே கொஞ்சம் எக்கோ தடவினது. அஞ்சு நிமிஷம் ஜாலி, ஆறாவது நிமிஷம் தலைவலி.

இதே ஆசை மனுஷனுக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கு. அதுக்குப் பேர் குவாட்ரஃபோனிக். அறையோட நாலு மூலையில நாலு ஸ்பீக்கர், நடுவுல நீங்க. 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் பிங்க் ஃப்ளாய்ட் ஒரு கச்சேரி செய்தார்கள். கீபோர்டு வாசிக்கிற ரிக் ரைட் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் ஜாய்ஸ்டிக். அதை எந்தப் பக்கம் தள்ளுறாரோ அந்த மூலைக்கு சத்தம் போகும். பெட்டியோட பேர் அசிமத் கோ-ஆர்டினேட்டர். கச்சேரி முடிஞ்சதும் அதை யாரோ திருடிட்டுப் போயிட்டாங்களாம்! திருடினவன் அதை வெச்சு என்ன பண்ணியிருப்பான்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

மேடையில் செய்வது சுலபம். வீட்டுக்கு எப்படிக் கொண்டு வர்றது? அங்கதான் நம்ம பாடம் வருது. எல்.பி. ரெக்கார்டின் பள்ளத்துக்கு ரெண்டு சுவர்தான். ஒரு சுவரில் இடது, இன்னொன்றில் வலது. நாலு சேனலை அதுக்குள்ள எப்படி அடைக்கிறது? சிபிஎஸ் கம்பெனி 'எஸ்.க்யூ.' என்றும் சான்சுயி 'க்யூ.எஸ்.' என்றும் தனித்தனி வழி கண்டுபிடித்தன. (பேர் வெச்சதுலேயே குழப்பம் ஆரம்பம்.) ரெண்டுமே மேட்ரிக்ஸ் முறை. நாலு சிக்னலை ஃபேஸ் மாற்றிக் கூட்டி ரெண்டாக்கி, வீட்டில் டீகோடர் வைத்துத் திரும்பப் பிரிப்பது.

ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் பேப்பரை நினைச்சுப் பாருங்க. நாலு அன்நோன், ரெண்டே ஈக்வேஷன். முழுசா சால்வ் ஆகாது. ஆகவும் இல்லை. எஸ்.க்யூ.வில் முன் இடது ஸ்பீக்கரில் வர வேண்டிய கிட்டார் பின் ஸ்பீக்கர்களிலும் 3 டெசிபல் மட்டும் குறைந்து கேட்கும். 3 டெசிபல்னா கிட்டத்தட்ட பக்கத்து வீட்டு டிவி மாதிரி, மறைக்கவே முடியாது.

ஜேவிசியின் சிடி-4 முறை வேற லெவல். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்த கூட்டல் சிக்னல் சாதாரண இடத்தில் இருக்கும்; கழித்தல் சிக்னல் 30 கிலோஹெர்ட்ஸ் கேரியரில் ஏறி உட்காரும். எஃப்எம் ஸ்டீரியோ படிச்சவங்களுக்கு இது அத்தை பையன் மாதிரி தெரிஞ்ச முகம். ஆனா அந்த அதிர்வைப் படிக்க 45 கிலோஹெர்ட்ஸ் வரை போகிற ஊசி வேணும். அதுக்காகவே ஷிபாடா என்று ஒரு ஊசி வந்தது. சாதா ஊசியில் பல தடவை ஓட்டினால் கேரியர் தேய்ந்து போகும். அப்புறம் அந்த ரெக்கார்டு நாலு சேனல் இல்லை, சும்மா கரகரப்பு.

ஒரு கம்பெனி ரெக்கார்டு இன்னொரு கம்பெனி டீகோடரில் ஒழுங்கா வராது. நாலு ஸ்பீக்கர் வாங்கணும், ஆம்ப்ளிஃபையரும் டபுள். எழுபதுகள் முடியறதுக்குள்ள கடை மூடியாச்சு. தி ஹூ குழு 1973இல் 'குவாட்ரஃபீனியா' என்று பேரே வைத்து ஆல்பம் போட்டார்கள். அது ஸ்டீரியோவில் மட்டும்தான் வந்தது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே மாப்பிள்ளை பேர் போட்ட பேனர், உள்ளே மாப்பிள்ளை இல்லை. முழு ஆல்பமும் 5.1இல் வர 2014 ஆச்சு.

வீட்டில் தோற்ற மேட்ரிக்ஸ், தியேட்டரில் ஜெயித்ததுதான் எனக்குப் பிடித்த திருப்பம். டால்பி ஸ்டீரியோ அதே வேலையைத்தான் செய்தது: இடது, நடு, வலது, சரவுண்ட் என்ற நாலையும் ஃபிலிம் ஓரத்தில் இருந்த ரெண்டு டிராக்குக்குள் மடித்தது. 1977 'ஸ்டார் வார்ஸ்' அப்படித்தான் ஓடியது. 1987இல் வீட்டுக்கு வந்த அதன் ஒரு வடிவத்துக்குப் பேர் புரோலாஜிக். அந்தப் பேர் நம்ம ஊருக்குப் புதுசா? ரிச்சி தெருவிலிருந்து விழுப்புரம் வரை ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் பண்ற எந்தக் கடையிலயும் "புரோலாஜிக் போர்டு இருக்காண்ணா"ன்னு கேட்டுப் பாருங்க.

எங்க காணையில் அப்படி ஒரு அண்ணன் இருக்கார். சவுண்ட் சர்வீஸ். கோயில் திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா எல்லாத்துக்கும் அவர் செட்தான். கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டினால் மூணு வயல் தாண்டிக் கேட்கணும், அதுதான் அவர் இருபது வருஷமா பார்க்கிற குவாலிட்டி டெஸ்ட். அவர்கிட்ட போய் "நாலு மூலை, நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து கேட்கிறது"ன்னு சொன்னேன்.

"ஒருத்தன் கேக்கறதுக்கு நாலு பாக்ஸா? இன்னாடா தம்பி, அவன் இன்னா கலெக்டரா?"

அவரை மடக்க ஒரு பழைய வித்தை இருந்தது. டேவிட் ஹாஃப்லர் என்பவர் சொன்ன இணைப்பு. டீகோடர் வேண்டாம், போர்டு வேண்டாம். சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் இடது பாசிடிவுக்கும் வலது பாசிடிவுக்கும் நடுவில் ரெண்டு ஸ்பீக்கரை சீரிஸில் போட்டு, பின்பக்கம் வைக்கணும், அவ்வளவுதான். ரெண்டு சேனலிலும் ஒரே மாதிரி இருக்கிற சிக்னல் அடிபட்டுப் போகும், வித்தியாசம் மட்டும் பின்னாடி ஒலிக்கும். அவர்கிட்ட ஸ்டீரியோவா ஓடுற 4440 போர்டு ஒண்ணு சும்மா கிடந்தது. (பிரிட்ஜ் பண்ண ஆம்ப்ல இதைச் செய்யாதீங்க, போர்டு போனா நான் பொறுப்பில்ல.)

பாட்டுக்கு 'பிரியா' படத்தை எடுத்தேன். 1978, இளையராஜா. தமிழில் ஸ்டீரியோவில் வந்த முதல் படப் பாடல்கள் என்று எல்லாரும் சொல்லும் ஆல்பம். போட்டதும் அண்ணன் பின் பாக்ஸ் பக்கத்தில் காதை வைத்தார்.

"ஜேசுதாஸ் எங்கடா போனாரு?"

நடுவில் நிற்கிற பாடகர் ரெண்டு பக்கமும் சமமா இருப்பார், அதனால் கழித்தலில் காணாமல் போவார். மிச்சம் இருந்தது ஓரத்தில் இருந்த வாத்தியங்களும், குரலோட நிழல் மாதிரி ஒரு எக்கோவும். இத்தனை வருஷம் இந்தப் பாட்டை ஊருக்கே போட்டவர், அதுக்குள்ள இருந்த ஒரு வாத்தியத்தை அன்னைக்குத்தான் தனியா கேட்டார். கூம்பில் எல்லாமே மோனோ. ஊருக்கு நடு கிடையாது, அதனால் இடது வலதும் கிடையாது. அதுல தப்பும் இல்லை.

அதுக்கப்புறம் அவரே கேட்டார், "ஒரிஜினலா நாலா பிரிச்சு செஞ்சது ஏதாவது வெச்சிருக்கியா?"

இருந்தது. பெங்களூரில் இருக்கிற என் மாமா வாங்கிய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பெட்டி. இந்த ஆல்பத்துக்கு சரவுண்டில் மூணு உருவம் உண்டு. 1973இல் ஆலன் பார்சன்ஸ் செய்த குவாட் மிக்ஸ், 2003இல் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1, 2023இல் வந்த அட்மாஸ். பார்சன்ஸ் மிக்ஸ் பல வருஷம் பழைய எல்.பி.யிலும் டேப்பிலும்தான் உயிரோடு இருந்தது. 2011இல் வந்த பெட்டியில்தான் டிஜிட்டலாக அதிகாரபூர்வமாக வந்தது. அதுவும் சாதா டிவிடியில், டால்பி டிஜிட்டலாக. அதாவது நம்ம வீட்டுப் பரணில் தூங்குற, பின்னாடி ஆறு பின் வெச்ச பழைய டிவிடி பிளேயரே போதும்!

அண்ணன் வீட்டு ஹாலில் செட் பண்ணோம். ஒரே அளவு பாக்ஸ் நாலு. பின்சுவரில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள்தான் எங்க அக்கூஸ்டிக் பேனல். சும்மா சொல்லல, எதிரொலியை அவ்வளவு அழகா முழுங்குது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் நான்.

கத்ரியின் 5.1 நாகரிகமானது, பாலிஷ் போட்டது. பார்சன்ஸோடது அப்படி இல்லை. 'ஆன் தி ரன்'னில் சின்தசைசர் அறையைச் சுத்தி ஓடுது, கையில் புது பொம்மை கிடைச்ச பையன் மாதிரி. கொஞ்சம் ஓவர்தான். ஆனா எனக்கு அதுதான் பிடிச்சது. 1973இல் ஒருத்தர் உட்கார்ந்து, இந்தச் சத்தம் உன் முதுகுக்குப் பின்னாடி வரணும்னு முடிவு பண்ணியிருக்கார். இப்போ யூடியூபில் பழைய தமிழ்ப் பாட்டுக்கெல்லாம் '5.1'னு போடுறாங்க இல்லையா, அதுல பெரும்பாலும் அந்த முடிவு இல்லை, ஊகம்தான் இருக்கு. நம்ம ஆளுங்களுக்குத் திறமை இல்லைன்னு சொல்லல. 1964 'கர்ணன்' காலத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் மோனோவில் பதிவானார்கள். பிரிக்க அங்கே தனித்தனி டிராக்கே கிடையாது. 2012இல் படத்தைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிட்டபோது ஒலிக்காகவும் அவ்வளவு உழைக்க வேண்டி வந்தது அதனால்தான். டால்பியில் ஒரு தமிழ்ப் படம் வர 1995 'குருதிப்புனல்' வரைக்கும் காத்திருந்தோம்.

அப்புறம் 'டைம்' வந்தது. அதோட தொடக்கத்தில் வர்ற கடிகாரச் சத்தம், குவாட் டெமோவுக்காக பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொரு கடிகாரமா தனித்தனியா பதிவு செய்தது. முதலில் டிக்டிக்கென்று மெல்லிசா ஒரு கூட்டம், பிறகு எல்லா மணியும் ஒரே நேரத்தில் வெடிக்கும். நான் நாற்காலியை அண்ணனுக்குக் கொடுத்து, "டிக்டிக்கை கவனிங்கண்ணா, சுத்தி வரும்"ன்னேன்.

மணி அடிச்சதும்தான் அவர் திடுக்கிட்டார்.

"மணி சூப்பரு. நீ சொன்ன டிக்டிக் எங்கடா?"

வயரை செக் பண்ணேன். சரியா இருந்தது. திரும்பப் போட்டேன். நான் நின்ன இடத்துலயே எனக்குக் கேட்குது. நாற்காலியில் இருக்கிறவருக்கு இல்லை. அண்ணி சமையலறையிலிருந்து, "எனக்கு இங்க வரைக்கும் கேக்குதே"ன்னாங்க. அப்புறம் யாரும் எதுவும் பேசல.

ரெண்டு வாரம் கழிச்சு முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தார். ஆடியோகிராம் தாளை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "இது இன்னா கிராஃப்னு சொல்லு"ன்னார். பேஸ் பக்கம் கோடு நல்லா இருக்கு. 4000 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், ரெண்டு காதிலும். சத்தத்தால் கெட்ட காதுக்கு அந்த இடம்தான் அடையாளம், பாடப் புத்தகப் படம் மாதிரியே இருந்தது. 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் வரை தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா பதினஞ்சு நிமிஷம்தான். திருவிழாவுல பாக்ஸ் பக்கத்துல அவர் விடிய விடிய நிப்பார். போன பள்ளம் திரும்ப ரொம்பாது. நான் அதை அப்படியே சொன்னேன்.

"பேச்சு கேக்குது இல்ல, போதும்"னுட்டார். ஆனா அடுத்த விழாவுக்கு மெடிக்கலில் பஞ்சு மாதிரி இருக்கிற இயர்பிளக் ரெண்டு டப்பா வாங்கினார். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு கூட வேலை செய்யிற பையனுக்கு. பையன் முதல்ல சிரிச்சான். "போட்டுக்கிட்டாதான் சம்பளம்"னார்.

நாலு பாக்ஸும் இன்னும் அந்த ஹாலில்தான் இருக்கு. பின்பக்க ஆம்ப்ளிஃபையரின் ட்ரெபிள் குமிழை அவர் தன் காதுக்கு ஏத்த மாதிரி முழுசா திருகி வெச்சிருக்கார். எனக்கு அங்க உட்கார்ந்தா பின்னாடி கத்துற மாதிரி இருக்கும். அவருக்கு டிக்டிக் கொஞ்சமா வருதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை 'பிரியா'வைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கார், குமிழைத் தொடக் கூடாதுங்கிற கண்டிஷனோட.